மேட்டில் பறக்கிறது, சமதளத்தில் திக்குகிறது

எங்கள் வீட்டு வண்டி 1984 நிஸ்ஸான் 1400. பின்னால் தொட்டி வைத்த இந்த மாதிரி வண்டியை இங்கே தென்னாப்பிரிக்காவில் எல்லாரும் 'பக்கி' என்றுதான் சொல்வார்கள். திருநெல்வேலியிலிருந்து டர்பன் வந்த புதிதில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, நம்மூரில் பக்கி என்றால் யாரைச் சொல்வோம் என்று உங்களுக்கே தெரியும், ஆனால் போன மாதம் இது குடித்த பெட்ரோலைப் பார்த்த பிறகு பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. மாமனார் கையில் இருந்து எனக்கு வந்தது. இதே வண்டியைப் பிரிட்டோரியா பக்கம் ரோஸ்லினில் 2008 வரை செய்துகொண்டிருந்தார்கள் என்பதால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. எதை மாற்றுவது என்று தெரிவதுதான் பாடு.

தைப்பூசத்துக்கு வாழைக்கன்றும் தேங்காய் மூட்டையும் ஏற்றி இறக்கின வாரத்தில் ஆரம்பித்தது. நின்ற இடத்தில் எஞ்சின் மெத்தென்று ஓடும். அறுபதில் காலை லேசாக வைத்துக்கொண்டு போனால் மட்டும் விக்கல் எடுத்தமாதிரி வெட்டி வெட்டி இழுக்கும்.

"மச்சான், பெட்ரோலில் தண்ணி கலந்திருக்கு" என்றார் என் மைத்துனர், வண்டியைப் பார்க்காமலே. சரி என்று டேங்கை வடித்தேன், ஃபில்டர் மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், நாலு பிளக்கும் புதிதாகப் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. இதில் என் தப்பும் இருக்கிறது. கழற்றிய பழைய பிளக் நாலும் பிஸ்கட் நிறத்தில் இருந்தன. பெட்ரோல்-காற்றுக் கலவை சரியாக எரிகிறது என்று அவை சொன்னதை நான் காதிலேயே வாங்காமல் குப்பையில் போட்டேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகவேண்டி வந்தது. பைன்டவுனைத் தாண்டினால் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றம், எங்கே நடுவில் நின்றுவிடுமோ என்று பயந்துகொண்டே காலை முழுசாக அழுத்தினேன். ஒரு திக்கல் இல்லை! மேலே க்ளூஃப் வந்து காலைத் தளர்த்தினதும் மறுபடி விக்கல்.

அங்கேதான் பொறி தட்டியது. பெட்ரோல் பற்றாமல் திக்கினால் அதிகம் கேட்கும் ஏற்றத்தில் அல்லவா திக்கவேண்டும்? பொறிக்கு வோல்ட்டை ஏற்றித் தரும் காயிலோ பிளக் வயரோ பலவீனமானாலும் அதே கதைதான், பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்தில் பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும், அப்போதுதான் அது கைவிடும். என் வண்டியில் எல்லாம் தலைகீழ். காலைப் பாதி அழுத்திப் போகிற அரைக்காலில் மட்டும் வேலை செய்கிற ஏதோ ஒன்றுதான் கோளாறு.

அது வேக்குவம் அட்வான்ஸ். ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் தகர டப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், கார்புரேட்டரிலிருந்து ஒரு சின்னக் குழாய் அதற்கு வரும். அரைக்காலில் போகும்போது அந்தக் குழாயில் உறிஞ்சல் வந்து, உள்ளே பாயிண்ட் (மின்சாரத்தை வெட்டிப் பொறியை வரவைக்கும் சின்ன ஸ்விட்ச்) உட்கார்ந்திருக்கும் தட்டைக் கொஞ்சம் திருப்பும், பொறி சற்று முன்னாலேயே விழும். நின்ற இடத்தில் ஓடும் ஐட்லிங்கில் உறிஞ்சல் கிடையாது. முழுக்க அழுத்தினாலும் போய்விடும்.

மறுநாள் அந்தக் குழாயைக் கழற்றி, அதன் வாயில் ஒரு ஸ்க்ரூவைச் செருகி அடைத்துவிட்டு சாட்ஸ்வொர்த்துக்குள்ளேயே ஒரு சுற்றுப் போனேன். பிக்கப் கொஞ்சம் மந்தம், ஆனால் விக்கல் சுத்தமாக இல்லை. டப்பிக்குள் இருக்கும் சவ்வு, அதாவது டயாஃப்ரம், கிழிந்திருக்கும் என்று நினைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்துவைத்துக் குழாயை வாயால் உறிஞ்சிப் பார்த்தேன் (பெட்ரோல் வாடை மத்தியானம் வரை நாக்கில் இருந்தது). தட்டு ஒழுங்காகத் திரும்பிப் பிடித்து நின்றது. டப்பியில் குற்றமில்லை.

மிச்சம் இருந்தது பாயிண்டுக்கு வரும் கம்பி ஒன்றுதான். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, மேலுறை புதுசு மாதிரி இருந்தது. விரலால் நெருடிக்கொண்டே போனால் நடுவில் ஓரிடம் மட்டும் சப்பிப் போட்ட முருங்கைக்காய் மாதிரி அமுங்கியது. மல்டிமீட்டரை வைத்தேன். நேராக வைத்தால் பீப், வளைத்தால் மௌனம். தட்டு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கூடவே வளைந்து வளைந்து, உள்ளே செம்பு அறுந்து, உறை மட்டும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மெல்லிய இழைகள் நிறைய உள்ள, துவளுகிற வயராக வாங்கிப் பற்றவைத்தேன். விறைப்பான வயரைப் போட்டால் சீக்கிரமே திரும்ப அறும். பாயிண்ட் இடைவெளியை 0.5 மில்லிமீட்டருக்கு வைத்து டைமிங்கும் பார்த்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மழை நாளிலும் கடற்காற்று ஈரத்திலும் மட்டும் மிஸ் ஆகிற வண்டிக்கு இது மருந்தல்ல. அதற்கு இருட்டில் பானட்டைத் திறந்து, பிளக் வயர்மேல் தண்ணீரைப் புகைமாதிரி தெளித்துத் தள்ளி நின்று பாருங்கள், கசிகிற இடத்தில் நீலப் பொறி ஓடும். காலை அழுத்தின அந்த நொடியில் மட்டும் திணறினால், எஞ்சினை அணைத்து ஏர் ஃபில்டரைத் தூக்கிவிட்டு ஆக்ஸிலரேட்டர் கம்பியை இழுங்கள், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பீச்ச வேண்டும், பீச்சாவிட்டால் ஆக்ஸிலரேட்டர் பம்ப்தான்.

அறுந்த கம்பியை மைத்துனரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தண்ணி போனதால அதுவா சரியாயிருக்கும் மச்சான்" என்றார்.