தருமபுரியில் கேமராவை எங்கே நிறுத்தலாம்? ஒரு படப்பிடிப்பு நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய்

பட்டுக்கூடு விவசாயிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காக, தருமபுரி நகரில் படமெடுக்க வேண்டிய இடங்களை இன்று பட்டியலிட்டோம். பென்னாகரம் பக்கத்திலிருந்து பட்டுக்கூட்டு மூட்டையோடு முதல் பேருந்தில் வரும் ஒருவர் எங்கெல்லாம் கால் வைக்கிறாரோ, அங்கெல்லாம் கேமராவும் நிற்க வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாமே பொது இடங்கள்தாம். ஆனால் பேருந்து நிலையம் நகராட்சியின் பொறுப்பு. பட்டுக்கூடுகளை ஏலம் விடும் அங்காடி பட்டு வளர்ச்சித் துறையின் பொறுப்பு. சாலையோரம் முக்காலி வைத்தால் போக்குவரத்துக் காவல்துறை கேட்கும். ரயில் நிலையமோ தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தைச் சேர்ந்தது. சேலம் ரயில்வே கோட்டம் பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கே மனுவை நீட்டினால் பயனில்லை. அது ஹூப்ளியில் உள்ள தலைமையகத்துக்குப் போக வேண்டும். நாள் குறிப்பதற்கு முன்பே ஒவ்வோர் இடமும் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பார்த்துவிடுவதே இந்த வேலையில் பாதி என்பது என் உறுதியான எண்ணம்.

ஜூன் 5, வியாழன்

படத்தின் நோக்கத்தை இரண்டு பக்கங்களுக்கு விரித்து எழுதியிருந்த மனுவை, நகராட்சி ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் காட்டினோம். "தம்பி, கதை அப்புறம் இருக்கட்டும். கேமரா எத்தனை, ஆளு எத்தனை பேரு, எந்த இடத்துல நிப்பீங்க, எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க, அதை மொதல்ல எழுதுங்க. கையெழுத்துப் போடுறவருக்கு அதுதான வேணும்?" என்றார். கோப்பில் கையெழுத்திடும் அதிகாரி, நாளை ஏதேனும் புகார் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர். அவருடைய இடத்திலிருந்து மனுவைப் படித்துப் பார்க்க அந்தப் பெரியவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பயணிகள் ஏறி இறங்கும் வழியை விட்டு விலகி முக்காலி எங்கே நிற்கும் என்பதைக் கையால் வரைந்து இணைத்து, நகராட்சியின் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம்.

ஜூன் 12, வியாழன்

ஓர் அலுவலகத்தில், முழுநீளத் திரைப்படத்துக்குக் கேட்கும் வைப்புத்தொகையையே எங்களிடமும் கேட்டார்கள். ஜெனரேட்டர், கேரவன், விளக்குகள், துணை நடிகர்கள் என்று தெருவையே அடைத்துக்கொள்ளும் குழுவிடம் வைப்புத்தொகை கேட்பது நியாயம்தான். ஆனால் ஒரு கேமராவும் ஒரு மைக்குமாக இருவர் மட்டும் வந்து நின்று போவதற்கும் அதே படிவம், அதே தொகை என்றால், சொந்த ஊரைப் படமெடுக்க விரும்பும் இளைஞர்கள் அனுமதி கேட்கவே தயங்குவார்கள். சிறு குழுக்களுக்கென்று ஒரு பக்கத்தில் தனிப் படிவம் வேண்டும் என்று எழுத்துமூலமாகவே கோரியிருக்கிறோம்.

ஜூன் 20, வெள்ளி

அங்காடிக்கு அனுமதி கிடைத்து, காலையிலேயே உள்ளே சென்றோம். விவசாயி ஒருவர் வெண்ணிறக் கூடு ஒன்றைக் குவியலிலிருந்து எடுத்துக் காதருகே ஆட்டிக் காட்டினார். உள்ளே கூட்டுப்புழு நன்றாக இறுகியிருந்தால் மெல்லத் தட்டும் ஒலி கேட்கும் என்றார். அடுத்த குவியலருகே நின்ற அம்மா கேமராவைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார். "என் மூஞ்சி வேணாம் சாமி, கூட்டை மட்டும் எடுத்துக்கோங்க. இன்னிக்கு என்ன ரேட்டுக்குப் போச்சுன்னு கடன் குடுத்தவங்க பாத்துட்டா, சாயங்காலமே வாசல்ல வந்து நிப்பாங்க." எங்கள் கையிலிருந்த அனுமதிக் கடிதம் அந்தக் கட்டடத்துக்கு உரியது, அவருடைய முகத்துக்கு உரியதன்று. அவர் இருந்த காட்சியை அவர் கண் முன்னாலேயே அழித்தோம். இனி முகம் தெளிவாகத் தெரியும் ஒவ்வொருவரிடமும் பேசிச் சம்மதம் பெற்ற பின்பே எடுப்பது என்றும், ஏல விலையும் அதற்குரியவரின் முகமும் ஒரே காட்சியில் வராமல் பார்த்துக்கொள்வது என்றும் முடிவு செய்தோம்.

ஜூன் 24, செவ்வாய்

நகராட்சிக் கடிதம் வந்துவிட்டது. நெரிசல் நேரத்தில் படமெடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. ட்ரோனைப் பொறுத்தவரை, பச்சை மண்டலத்தில், அதாவது ட்ரோன்களுக்குக் கட்டுப்பாடில்லாத பகுதியில், 400 அடி உயரம் வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை என்று 2021ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆயினும் பேருந்து நிலையத்தின் மேல் திடீரென ஒன்று பறந்தால் மக்கள் கலவரப்படுவார்கள் என்பதால், காவல் நிலையத்துக்கும் தகவல் கடிதம் கொடுத்தோம். ரயில்வேயிலிருந்து, கருவிகளின் பட்டியலும் குழுவினரின் அடையாள அட்டை நகல்களும் கேட்டிருக்கிறார்கள். நாளைக் காலை அவற்றை அனுப்பிவிட்டு, ஒகேனக்கல் காட்சிகளுக்கான மனுவோடு மாவட்ட வன அலுவலகத்துக்குச் செல்கிறோம்.