எங்கள் கிடங்குக்கு பிஸ்சேஃப் மூன்றாம் நிலை வாங்கிய கதை

சிங்கப்பூரில் பயனியர் பக்கம் ஓர் உணவுப்பொருள் கிடங்கில் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். அரிசி, பருப்பு, எண்ணெய் டின், மசாலா எல்லாம் கன்டெய்னரில் வந்து, பேலட் என்ற சரக்குத் தட்டில் ஏறி, ரேக்கில் உட்கார்ந்து, அப்புறம் கடைகளுக்குப் போகும். எங்களிடம் சரக்கு வைக்கும் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், வேலையிடப் பாதுகாப்புக்கு இங்கே தரும் பிஸ்சேஃப் (bizSAFE) சான்றிதழில் மூன்றாம் நிலை இல்லாவிட்டால் அடுத்த ஒப்பந்தம் கிடையாது என்று சொல்லிவிட்டார். இதே நெருக்கடியில் இருக்கும் சின்னக் கிடங்குக்காரர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

படிகள் எளிமையானவை. முதல் நிலைக்கு நிறுவனத்தின் தலைமையில் இருப்பவரே பயிலரங்குக்குப் போக வேண்டும். இரண்டாம் நிலைக்கு ஒருவர் இடர் மேலாண்மை வகுப்பை முடிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்றாம் நிலையில், எழுதி வைத்தது களத்தில் நடக்கிறதா என்று வெளித் தணிக்கையாளர் வந்து பார்ப்பார். சான்றிதழ் 3 ஆண்டுக்குச் செல்லும்.

ஆவணங்களைத் தயாராக எழுதித் தருகிறோம் என்று ஆட்கள் வந்தார்கள். வேண்டாம் என்று பாஸிடம் உறுதியாகச் சொன்னேன். பிஸ்சேஃப் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இடர் மதிப்பீடு, அதாவது எந்த வேலையில் என்ன ஆபத்து என்று பார்த்து எழுதுவது, இங்கே சட்டக் கடமை. 3 ஆண்டுக்கு ஒரு முறையாவது அதைத் திரும்பப் பார்க்க வேண்டும். விபத்து நடந்தால் உடனே பார்க்க வேண்டும். வேறு யாரோ எழுதிய தாளில் எங்கள் ரேக் எப்படி இருக்கும்?

அதனால் ரேக்கிலிருந்தே தொடங்கினோம். ரேக் போட்டுக் கொடுத்த நிறுவனத்தின் ஆய்வாளர் 1 மீட்டர் நீள நேர்க்கோல் ஒன்றோடு வந்தார். கோலை ரேக்கின் செங்குத்துக் காலோடு ஒட்டி வைத்து, இடைவெளியை அளந்துகொண்டே போனார். இஎன் 15635 என்ற ஐரோப்பியத் தரநிலைப்படி, பீம், அதாவது பேலட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ஓடும் திசையில் காலின் வளைவு 5 மில்லிமீட்டருக்குள், ஆழவாட்டில் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பச்சை. அதைத் தாண்டினால் மஞ்சள். இருக்கும் சரக்கை இறக்கியபின் மறுபடி ஏற்றக் கூடாது. இரண்டு மடங்குக்கு மேல் போனால் சிவப்பு. உடனே காலி செய்ய வேண்டும்.

மூலையில் இருந்த ஒரு காலில் யாரோ இட எண் ஸ்டிக்கரை வழக்கத்தைவிடத் தாழ்வாக ஒட்டியிருந்தார்கள். ஆய்வாளர் நகத்தால் கிளப்பினார். அடியில் ஃபோர்க்லிஃப்ட்டின் ஃபோர்க் முனை குத்திய பள்ளம், அதைச் சுற்றிப் பெயின்ட் உதிர்ந்த துரு. கோலை வைத்ததும் பேசாமல் சிவப்பு டேக்கை எடுத்து மாட்டினார். அந்தக் காலுக்கு மேலே மூன்று அடுக்கு அரிசி இருந்தது. கீழே ஆட்கள் நின்று பொருள் எடுக்கும் இடம்.

அரிசியை இறக்கி முடித்தபின் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்களோடு டீ குடித்துக்கொண்டே பேசினேன். ஒரு தம்பி சொன்னான்: "அண்ணே, இடிச்சதைச் சொன்னா சம்பளத்துல பிடிச்சிருவாங்கன்னு பயம். அதான் யாரும் வாயைத் திறக்கலை." இந்த ஒன்றை மாற்றாமல் வேறு எதைச் செய்தாலும் பயனில்லை என்று எனக்குப் பட்டது. பாஸிடம் போய், இடித்ததைச் சொன்னவனுக்குப் பிடித்தம் இல்லை என்று அவர் வாயாலேயே டூல்பாக்ஸ் மீட்டிங்கில் (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) சொல்ல வைத்தேன். பிறகு வாட்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கின. கழன்ற பீம் பூட்டு, நங்கூர போல்ட் இல்லாத அடித்தட்டு, உடைந்த பேலட், ஹாரன் வேலை செய்யாத ஃபோர்க்லிஃப்ட். நான் தினமும் நடக்கும் கிடங்குதான். அவர்கள் கண்ணில் படுவது வேறு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: வளைந்த காலைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்த யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து நடைபாதை. இதில்தான் பெரிய இழுபறி. ஆளும் ஃபோர்க்லிஃப்ட்டும் ஒரே வழியில் போவதுதான் எங்கள் கிடங்கின் மிகப் பெரிய ஆபத்து. மஞ்சள் கோடு போட்டால் போதாது, தடுப்புக் கம்பி வேண்டும் என்றேன். அதற்கு இடம் விட்டால் பேலட் இடம் குறையும், வாடகை என்ன விலை விற்கிறது என்று தெரியுமா என்றார் பாஸ். அவர் சொன்னதும் நியாயம்தான்.

வண்டியை மாற்றியதில்தான் வழி பிறந்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது பின்னால் எடை வைத்த சாதாரண ஃபோர்க்லிஃப்ட். பேலட்டோடு திரும்ப அதற்கு மூன்றரை மீட்டருக்கு மேல் வழி வேண்டும். குறுகிய வழியில் ஓடும் ரீச் டிரக் என்ற வகைக்கு 3 மீட்டருக்குள் போதும். பழைய வண்டியை, லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் லோடிங் பே பக்கம் அனுப்பிவிட்டு, உள்ளே ரீச் டிரக்கை வாடகைக்கு எடுத்து, ரேக் வரிசைகளை நகர்த்திப் போட்டோம். பேலட் இடம் ஒன்றும் குறையவில்லை, கம்பி போட்ட நடைபாதையும் கிடைத்தது. ஆனால் வண்டி மாறினால் டிரைவருக்கு அந்த வண்டிக்கான பயிற்சி வேண்டும். சாதாரண ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியும் என்பதற்காக ரீச் டிரக்கில் ஏற்றிவிடக் கூடாது.

கன்டெய்னர் இறக்குவதையும் விடவில்லை. 25 கிலோ மூட்டைகளை வெறுமனே அடுக்கி அனுப்புவார்கள். உள்ளே அனல். குனிந்து தூக்கி, திரும்பி, தரையில் கிடக்கும் பேலட்டில் வைப்பது முதுகை முறிக்கும் வேலை. சரக்கு ஏற ஏறத் தானே தாழும் தூக்கு மேசை ஒன்றை வாங்கிக் கன்டெய்னர் வாசலில் வைத்தோம். மூட்டை எப்போதும் இடுப்பு உயரத்தில்தான் போய் உட்காரும். வாங்கியதிலேயே மலிவான கருவி இதுதான். பையன்கள் அதிகம் சந்தோஷப்பட்டதும் இதற்குத்தான்.

தணிக்கை நாளில் கோப்புகளைப் பார்த்துவிட்டுத் தணிக்கையாளர் நேராகக் களத்துக்குப் போனார். பங்களாதேஷ் தொழிலாளி ஒருவரை நிறுத்தி, சிவப்பு டேக் மாட்டிய ரேக்கில் பேலட் வைக்கச் சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டார். "வைக்க மாட்டேன், சூப்பர்வைசரைக் கூப்பிடுவேன்" என்றார் அவர். மதிப்பீட்டைத் தமிழிலும் வங்காளத்திலும் எழுதி ஒட்டி, வாரா வாரம் பேசியது வீண்போகவில்லை. தணிக்கையாளர் சில திருத்தங்களைக் கேட்டார், செய்து கொடுத்தோம், சான்றிதழ் வந்தது.

லோடிங் பேயில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் லாரிக்குள் இருக்கும்போதே லாரி டிரைவர் வண்டியை எடுத்துவிடும் ஆபத்து அங்கே உண்டு. சக்கரக் கட்டை வைக்கிறோம், லாரிச் சாவியை வாங்கி அலுவலகப் பலகையில் மாட்டுகிறோம். வெளி நிறுவன டிரைவர்கள் சிலர் சாவி தர முரண்டு பிடிக்கிறார்கள். தராதவர் லாரியில் சரக்கு ஏற்றுவதில்லை என்று இப்போது முடிவெடுத்திருக்கிறோம்.