மகத்தில் பிறந்தவளுக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர்

பிரான்சில் குழந்தை பிறந்தால் பெயரோடு பதிவு செய்ய ஐந்து நாள்தான் அவகாசம். பிறந்த நாள் கணக்கில் சேராது. கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது விடுமுறையாக அமைந்தால் அடுத்த வேலை நாள் வரை தள்ளும். 2016க்கு முன்பு மூன்றே நாள். தவறவிட்டால் நகரசபை பதியாது; நீதிமன்றத் தீர்ப்பு வாங்கித்தான் பதிய வேண்டும். எங்கள் ஊர் வழக்கமோ முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த பிறகு பெயர் சொல்வது. எங்கள் மகளுக்குப் பெயர் தேடியது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். நட்சத்திரம் தெரியாமல் எழுத்துத் தெரியாது, எழுத்துத் தெரியாமல் பெயர் பார்க்க மாமி விடமாட்டார். பிறந்த நேரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். பாரிஸ் நேரத்துக்குக் கணிப்பதா, யாழ்ப்பாண நேரத்துக்கா என்று அங்கே ஒரு விவாதம் நடந்து முடிந்து, பதில் வந்தது: மகம், இரண்டாம் பாதம், எழுத்து 'மி'. "மகம் ஜகத்தை ஆளும், தம்பி" என்று மாமி கூடவே ஒரு குரல் பதிவும் அனுப்பியிருந்தார்.

மனைவிக்கு ஒரே நிபந்தனை. முதற்பெயர் பிரெஞ்சுப் பெயராக இருக்க வேண்டும். பள்ளியில் ஆசிரியர் இடறாமல் கூப்பிட வேண்டும். என் பெயர் இந்த நாட்டின் எந்தக் கவுண்டரிலும் முழுதாக வெளிவந்ததில்லை என்பதால் நான் மறுக்கவில்லை. என் நிபந்தனை, அம்மம்மாவுக்கும் அது வாயில் நுழைய வேண்டும். மிஷேல், மிலேன், மிரேய் என்று மூன்று மிஞ்சின. மிஷேல் என்று ஆணுக்கும் பெயருண்டு, காதால் கேட்டால் வேறுபாடே தெரியாது. மிலேன் யாருக்கும் ஒட்டவில்லை. மிரேய் எழுதும்போது கடைசியில் இரண்டு 'எல்' வருகிறது, ஆனால் ஒலிப்பது 'ய்' தான். தாய், சேய் என்று பழகிய வாய்க்கு அது சுலபம். "பேய் என்றும் முடியுமே" என்று என் தம்பி சொன்னதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

பெயரின் கதையைத் தேடிப் படித்த இரவுதான் எனக்கு உண்மையில் மனம் ஒப்பியது. தென் பிரான்சின் புரோவான்ஸ் பகுதிக் கவிஞர் ஃபிரெடரிக் மிஸ்த்ரால், பிரெஞ்சில் அல்லாமல் தன் புரோவான்சால் மொழியிலேயே எழுதி 1859இல் வெளியிட்ட நெடுங்கவிதையின் நாயகி அவள். அந்த மொழியில் 'மிரேயோ'. பணக்காரப் பண்ணையாரின் மகள், கூடை முடைபவரின் மகனைக் காதலிக்கிறாள். தந்தை மறுக்கிறார். புனிதர்களிடம் முறையிட, க்ரோ என்ற கல்லாந்தரையைக் கொளுத்தும் வெயிலில் தனியே கடந்து கடற்கரைத் தேவாலயத்துக்குப் போகிறாள். வெயில் தாக்கி அங்கேயே இறக்கிறாள். நம் பாலைத் திணையில் உடன்போக்கு போகிறவளுக்குத் துணைக்குக் காதலனாவது இருப்பான். இவளுக்கு அதுவும் இல்லை. 1864இல் இசையமைப்பாளர் குனோ இதை ஓபராவாக்கினார். மிஸ்த்ராலுக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பெயரைச் சிறு வயதில் தன் வீட்டுப் பெண்கள் செல்லப் பேச்சில் சொல்லக் கேட்டதாக அவர் எழுதியிருக்கிறார். வியந்து பார்த்தல் என்ற பொருளுள்ள புரோவான்சால் வினைச்சொல்லோடு அதைச் சேர்ப்பவர்கள் உண்டு, மிரியம் என்பதன் திரிபு என்பவர்களும் உண்டு. மாமியிடம் முதல் பொருளை மட்டும் சொன்னேன். வெயில் சங்கதியைச் சொல்லவில்லை.

ஒரு காலத்தில் இப்படித் தேர்ந்தெடுக்கவும் முடிந்திருக்காது. 1803ஆம் ஆண்டுச் சட்டப்படி புனிதர் நாட்காட்டியிலோ பண்டைய வரலாற்றிலோ உள்ள பெயர்களைத்தான் வைக்கலாம். கவிதையிலிருந்து வந்த மிரேய்க்குப் பிற்பாடு ஓர் இடம் கிடைத்தது. இன்றைய நாட்காட்டிகளில் ஆகஸ்ட் 15, மரியாளின் நாளே அவளுக்கும். 1993ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோருக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டது. பெயர் குழந்தைக்குக் கேடாகும் என்று பதிவாளர் நினைத்தால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிக்கலாம், அவ்வளவே. நுடெல்லா என்று சாக்லேட் பூச்சின் பெயரை வைத்த ஒரு குழந்தையின் பெயரை வலான்சியேன் நகர நீதிமன்றம் 'எல்லா' (Ella) என்று மாற்றியது அப்படித்தான்.

நகரசபைக்கு மருத்துவச்சி கொடுத்த பிறப்புச் சான்று, எங்கள் இருவரின் அடையாள அட்டைகள், குடும்பப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துப் போனேன். பதிவுப் பெண்மணி பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு நிமிர்ந்து, "என் பாட்டியின் பெயர்" என்றார். அது பாராட்டா என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் சரிதான்: இந்தப் பெயரின் பொற்காலம் 1940களோடு சேர்ந்தது. பாடகி மிரேய் மத்தியூ அவிஞோனில் பிறந்தது 1946இல். இன்றைய பிரெஞ்சுப் பெற்றோர் அரிதாகவே வைக்கிறார்கள். என்னோடு வேலை செய்யும் கமரூன்காரரோ கேட்டதும் சிரித்தார். அவருடைய தங்கையும் மிரேய், வயது முப்பதுகூட இல்லை. பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்காவில் அந்தப் பெயருக்கு இன்னும் வயதாகவில்லை.

அதிக நேரம் எடுத்தது குடும்பப் பெயர். நமக்கு அப்படி ஒன்று கிடையாது. இங்குள்ள தாள்களில் என் அப்பாவின் பெயர் என் குடும்பப் பெயராகவும், மனைவிக்கு அவருடைய அப்பாவின் பெயராகவும் இருக்கிறது. தந்தையுடையதா, தாயுடையதா, இரண்டுமா, எந்த வரிசை என்று கூட்டாக எழுதிக் கொடுக்கலாம். நாங்கள் இரண்டையும் கேட்டோம். ஆக, மகள் அப்பப்பாவையும் அம்மப்பாவையும் சேர்த்தே சுமக்கிறாள். படிவத்தின் கட்டத்தில் இடம் போதுமா என்பது அவள் கவலை.

முதற்பெயர்களில் கவனிக்க வேண்டியது காற்புள்ளி. மிரேய், மிதிலா என்று காற்புள்ளியோடு பதிந்தால் அவை இரண்டு தனிப் பெயர்கள். இணைகோடு போட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே பெயர். தனித்தனியாக இருந்தால், பதிவில் உள்ள எந்தப் பெயரையும் பிற்காலத்தில் அன்றாடப் பெயராக அவள் தேர்ந்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதற்காகவே மாமி தேர்ந்த மிதிலாவை இரண்டாவதாக வைத்தோம். இரண்டுமே 'மி' என்பதால் ஊரிலும் சண்டை இல்லை.

கையெழுத்துக்கு முன் பதிவின் வரைவைத் திரையிலோ தாளிலோ காட்டுவார்கள். வெட்கப்படாமல் எழுத்தெழுத்தாகப் படியுங்கள், குறிப்பாக நம் ஊர்ப் பெயர்களையும் பெற்றோர் பிறந்த இடங்களையும். பிறகு திருத்த முடியும், ஆனால் அதற்கும் ஒரு விண்ணப்பம், ஒரு காத்திருப்பு. பிறப்புப் பதிவின் நகல்கள் இலவசம் என்பதால் அங்கேயே ஐந்தாறு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குடும்ப உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு, தூதரகம் என்று ஆளுக்கு ஒன்று கேட்பார்கள்.