புளி போட்டுத் தேய்த்த ரோமக் காசு

போன பொங்கலுக்கு அல்சூர் வந்த கரூர் மாமா, வெற்றிலைப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கறுத்த காசை எடுத்துக் கையில் வைத்தார். சின்ன வயதில் அமராவதி மணலில் கிடைத்ததாம். சட்டைப் பொத்தான் அளவு, 15 மில்லிமீட்டர். தெருமுனை நகைக்கடைத் தராசில் ஒன்றரை கிராம்.

முதல் காரியமாக, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்த்தேன். பச்சைக் களிம்போடு எழுத்தும் கொஞ்சம் போய்விட்டது. இத்தனை பழைய காசில் நுணுக்கமெல்லாம் அந்தக் களிம்பில்தான் தங்கியிருக்குமாம். இப்போது இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறுகிறது. புத்தி வந்தபின்.

எஸ்.பி. ரோட்டில் ஒரு லென்ஸ் வாங்கினேன். காலை வெயிலில் சாய்த்துப் பிடித்தால், ஈட்டியோடு இரண்டு சிப்பாய்கள், நடுவே ஒரு கொடிக்கம்பம். அந்த ஒற்றைக் கம்பம்தான் விஷயமே. கி.பி. 330-ல் இந்த வகை ரோமக் காசு வந்தபோது கம்பம் இரண்டு. 335 வாக்கில் எடையைக் குறைத்தார்கள், காசு சிறுத்தது, இடம் போதவில்லையோ என்னவோ, கம்பமும் ஒன்றாகிவிட்டது. 341 வரை அப்படித்தான். தேதியே போடாத காசுக்கு ஆறு வருஷ இடைவெளிக்குள் தேதி கிடைத்துவிட்டது! 294 வாக்கில் ரோமச் சக்கரவர்த்தி டயோக்ளீஷியன் கொண்டுவந்த பெரிய வெண்கலக் காசு சுமார் பத்து கிராம். நாற்பது வருஷத்தில் இந்தக் கதி.

சிப்பாய்களின் காலடியில் 'எஸ்.எம்.ஏ.என்.' என்று நான்கு எழுத்து. காசு அடித்த இடம், அந்தியோகியா அக்கசாலை, இன்றைய துருக்கி. அடுத்து, அக்கசாலைக்குள் எந்தப் பட்டறை என்று சொல்லும் கிரேக்க எழுத்து ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைப் புளி தின்றுவிட்டது.

மிளகுக்குப் பொன்னும் வெள்ளியும் வந்தது அதற்கு முன்னூறு வருஷம் முந்திய கதை. இந்தச் சில்லறை எதற்கு வந்தது? கரூர், மதுரை, இலங்கை என்று பல இடங்களில் கிடைத்திருக்கிறது. இங்கேயே கடைத்தெருவில் புழங்கியிருக்கும் என்பது என் கணிப்பு.

நேற்று மாமா போன் செய்தார். "யாரு தலை மாப்ள அது?"

"'கான்ஸ்டான்'னு மட்டும் படிக்க முடியுது மாமா. அப்பன் ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன், மூணு பசங்க கான்ஸ்டன்டைன், கான்ஸ்டான்டியஸ், கான்ஸ்டான்ஸ். நாலு பேர் பேரும் அப்படித்தான் ஆரம்பிக்குது."

"நம்ம பங்காளி வீட்ல மூணு பழனிசாமி இல்லையா?" என்றார்.

உறையின்மேல் 'கான்ஸ்டான்...' என்று புள்ளி வைத்து எழுதியிருக்கிறேன்.