மூன்றடி தூரம்

30 ஜூன் 2024, ஞாயிறு

சிங்கப்பூர் மரீனா பே கோல்ஃப் திடலை இன்றோடு மூடுகிறார்கள். கிளப் உறுப்பினராக வசதியில்லாத என்னைப் போன்றவர்களுக்கு இருந்த 18 குழித் திடல் அது. டாக்ஸி ஓட்டும் நண்பர் எப்படியோ இடம் பிடித்திருந்தார். கடைசிக் குழியில் மூன்றடிதான் பாக்கி. கை சட்டென்று வெட்டி இழுத்தது. பந்து குழியின் விளிம்பைக்கூடத் தொடாமல் நாலடி தாண்டிப் போய் நின்றது. நண்பர் தலையைத் திருப்பித் தூரத்துக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டார். நல்ல மனுஷன்.

6 ஜூலை 2024, சனி

இந்தக் கை வெட்டுக்கு யிப்ஸ் என்று பெயர். ஜெர்மன் கோல்ஃப் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கருக்கு அது ஒரு தடவையா வந்தது? வலக்கையால் பட்டர் என்ற மட்டையையும் இடது முன்கையையும் சேர்த்துக் கவ்விக்கொண்டு, பந்தைக் குழிக்குள் உருட்டும் புட் அடியைப் போட்டுப் பார்த்தார். அப்புறம் நீள பட்டர். 2016இல், பட்டரை மார்பில் ஊன்றக் கூடாது என்று விதி வந்தது. சற்றே விலக்கிப் பிடித்து அதையும் சமாளித்துவிட்டார்.

ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பையில், 1991இன் கடைசி ஆட்டத்தில் ஆறடி புட்டைத் தவறவிட்டார். கோப்பை அமெரிக்காவுக்குப் போனது. அடுத்த வாரமே ஜெர்மனியில் ஒரு போட்டியை ஜெயித்தார். எனக்கு மூன்றடி தவறி இன்றோடு ஆறு நாள். இன்னும் சோறு இறங்கவில்லை.

31 அக்டோபர் 2024, தீபாவளி

எண்ணெய்க் குளியல் முடிந்ததும் ஹாலில் பயிற்சி. எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்தால் அதுதான் குழி. நிஜக் குழி 108 மில்லிமீட்டர் அகலம். டம்ளர் வாய் அதைவிடச் சின்னது, அதனால் இதில் விழுந்தால் எதிலும் விழும் என்பது என் கணக்கு. தரைக்கல் இடுக்கு வேறு பந்தை இடப்பக்கம் இழுக்கிறது. பத்துக்கு மூன்று.

மனைவியின் தம்பி முறுக்கைக் கடித்தபடி, "அம்பது தாண்டினவங்களுக்கெல்லாம் எதுக்கு அத்தான் போட்டி?" என்றான். அமெரிக்காவில் அவர்களுக்கென்றே 1980இலேயே சீனியர் டூர் என்ற போட்டித் தொடர் தொடங்கிவிட்டது. பெரும்பாலான போட்டிகள் வழக்கம்போல நாலு நாள் இல்லை, மூன்றே நாள், 54 குழி. பாதியில் யாரையும் வெளியேற்றி அனுப்புவதில்லை என்றேன். அவன் அந்த மூன்று நாளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

எனக்கு மர்தான் மாமாட் நினைவு வந்தது. ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கும் 'கேடி'யாகத் தொடங்கி, 2006இல் லகூனா நேஷனல் திடலில் சிங்கப்பூர் மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயித்து, யூரோப்பியன் டூர் பட்டம் வென்ற முதல் சிங்கப்பூரர் ஆனவர். அன்று நான் கயிற்றுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவருக்கும் இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. பந்துக்கு வயசு தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பத்துக்கு மூன்று போட்டவன் சொல்கிற பேச்சா அது? பேசாமல் இருந்துவிட்டேன்.

11 நவம்பர் 2024, திங்கள்

காலைக் காப்பி ஆறிப்போனது. ஃபீனிக்ஸில் சீசனின் கடைசிப் போட்டி, கடைசிக் குழி. லாங்கருக்கு 67 வயது. பிப்ரவரியில் பிக்கிள்பால் என்ற மட்டைப் பந்தாட்டம் ஆடும்போது குதிகால் தசைநார் அறுந்து, மே மாதமே களத்துக்குத் திரும்பியவர். முப்பதடி புட். பந்து உருண்டது, உருண்டது, விழுந்தது! ஒரே அடி வித்தியாசத்தில் வெற்றி. சீனியர் டூரில் இது அவருக்கு 47ஆவது பட்டம். 2007 முதல் வருஷம் தவறாமல் ஜெயித்துக்கொண்டு வருகிறார். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மச்சினனுக்கு அந்தக் காணொளியை அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

12 ஏப்ரல் 2025, சனி

அமெரிக்காவின் அகஸ்டா திடலில் லாங்கரின் கடைசி மாஸ்டர்ஸ் போட்டி, 41ஆவது தடவை. 1985இல் முதலில் ஜெயித்த அதே இடம். பதினெட்டாவது குழியில் பத்தடிபோல ஒரு புட். போட்டிருந்தால் வார இறுதி ஆட்டத்துக்குத் தகுதி. பந்து நழுவியது. ஒரே அடி வித்தியாசத்தில் வெளியேற்றம். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்தார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

"என்னங்க, அந்தத் தாத்தா தோத்துட்டாரா?"

"ஒரே ஒரு அடியில."

"சரி, டம்ளரைக் குடுங்க. காப்பி ஆத்தணும்."

விளிம்பில் பந்து பட்டுப் பட்டுச் சப்பையாகிப்போன டம்ளர். அந்தப் பக்கமாக வாய் வைத்துக் குடித்தால் சட்டையில் ஊற்றுகிறது.