லேப்டாப்பில் இருந்தே வீட்டு லைட், பிளக், கீசர்

ஸ்மார்ட் பிளக் விற்கிற கம்பெனிகள் எல்லாம் போன் ஒன்றை மட்டும் மனதில் வைத்தே ஆப் எழுதுகின்றன. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவருக்கு, மேஜை விளக்கை அணைக்கப் போனைத் தேடி, லாக் எடுத்து, ஆப் லோட் ஆகும்வரை பார்த்துக்கொண்டிருப்பதைவிட எழுந்து போய் சுவிட்சைத் தட்டுவதே சுலபம்.

பலரும் முதலில் செய்வது, புளூஸ்டாக்ஸ் மாதிரி ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் (போன் ஆப்பைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) துயா வகைப் பிளக்குகளுக்கான ஸ்மார்ட் லைஃப் ஆப்பைப் போடுவது. போனில் ஏற்கெனவே சேர்த்த பிளக்கை ஆன், ஆஃப் செய்ய அது போதும். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது இடிக்கும். அந்தக் கட்டத்தில் ஆப்புக்கு நிஜமான வைஃபையும் புளூடூத்தும் தேவை. எமுலேட்டருக்கு அவை கிடைப்பதில்லை. ஆகவே எந்த வழியில் போனாலும் சாதனத்தை முதலில் சேர்ப்பது போனில்தான். அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில். மலிவு பிளக், பல்புகளில் பெரும்பாலானவை 5 கிகாஹெர்ட்ஸைப் பார்க்கவே பார்க்காது. மேக் வைத்திருப்பவர்களுக்கு 2018-ல் வந்த மொஹாவே பதிப்பு முதல் ஆப்பிளின் ஹோம் ஆப் உண்டு. ஹோம்கிட், மேட்டர் என்ற ஸ்மார்ட் ஹோம் தரங்களை ஆதரிக்கும் பொருட்கள் மட்டும் அதில் வரும்.

விண்டோஸ், லினக்ஸ்காரர்களுக்கு நான் சொல்வது ஹோம் அசிஸ்டன்ட். 2013-ல் பாலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய திறமூல மென்பொருள். துயா, டாபோ, ஹியூ என்று வெவ்வேறு கம்பெனிப் பொருட்களும் ஒரே பிரவுசர் பக்கத்துக்கு வந்துவிடும். அதை எங்கே நிறுவுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். லேப்டாப் ரிமோட்டாக இருக்கட்டும், சர்வராக வேண்டாம். மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும். மாலை 6 மணிக்கு எரிய வேண்டிய வாசல் விளக்கும் எரியாது. 2 ஜிபி ராம் உள்ள ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர், அல்லது சும்மா கிடக்கும் பழைய டெஸ்க்டாப், எது இருந்தாலும் 24 மணி நேரமும் ஓடுகிற ஒன்று வேண்டும். ராஸ்பெர்ரி பை என்றால் மெமரி கார்டை நம்பாதீர்கள். ஹோம் அசிஸ்டன்ட் சாதனங்களின் நிலையை ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும், இயல்பாக 10 நாள் வரலாற்றை வைத்திருக்கும். எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் கார்டு கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். யுஎஸ்பி எஸ்எஸ்டி போடுங்கள். ராஸ்பெர்ரி பையையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள்.

பொருள் வாங்குவதற்குமுன் பழகிப் பார்க்க மட்டும் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) போதும். 2 ஜிபி ராம், 2 சிபியு கொடுங்கள். அதன் செட்டிங்ஸில் ஈஎஃப்ஐ பெட்டியை டிக் செய்யாவிட்டால் ஹோம் அசிஸ்டன்ட் தொடங்கவே தொடங்காது. நெட்வொர்க்கை NAT என்பதிலிருந்து பிரிட்ஜ்டுக்கு (வீட்டு நெட்வொர்க்கோடு நேரடியாக இணைக்கும் முறை) மாற்றுங்கள். திரையில் தெரியும் முகவரி 10.0.2 என்று ஆரம்பித்தால் இன்னும் NAT-ல்தான் இருக்கிறது. வீட்டு நெட்வொர்க்கில் சாதனங்கள் போடும் அறிவிப்பு அங்கே போய்ச் சேராது, அதனால் ஒன்றையும் கண்டுபிடிக்காது. 192.168 என்று ஆரம்பித்தால் சரி. பிரவுசரில் அதோடு 8123 சேர்த்து, உதாரணமாக 192.168.1.25:8123 என்று அடியுங்கள். வைஃபை வழியாக பிரிட்ஜ் சில லேப்டாப்புகளில் முரண்டு பிடிக்கும், லான் கேபிள் செருகினால் சரியாகிவிடும். எந்தக் கம்ப்யூட்டரில் நிறுவினாலும் அந்த முகவரியை ரவுட்டரில் முகவரிகளைப் பங்கிடும் டிஹெச்சிபி பகுதியில் நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மின்வெட்டுக்குப் பிறகு முகவரி மாறி, புக்மார்க் வேலை செய்யாது.

துயா வகைப் பொருட்களுக்கு, ஸ்மார்ட் லைஃப் ஆப்பின் செட்டிங்ஸில் அக்கவுன்ட் பகுதிக்குள் யூசர் கோடு இருக்கும். அதை ஹோம் அசிஸ்டன்ட்டில் கொடுத்தால் திரையில் க்யூஆர் வரும். போனால் ஸ்கேன் செய்தால் முடிந்தது. இந்த இணைப்பு கிளவுட் வழியாகப் போகிறது, நெட் போனால் லைட்டும் கைக்கு வராது. டாபோ வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும், எனவே புதிதாக வாங்குபவருக்கு டாபோவைத்தான் சொல்வேன். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் அது உள்ளே விட மறுத்தால் இரண்டைப் பாருங்கள்: டாபோ ஆப்பில் தேர்ட் பார்ட்டி கம்பேட்டிபிலிட்டி ஆனில் இருக்கிறதா, இமெயிலைப் பதிவு செய்தபோது இருந்த அதே பெரிய, சிறிய எழுத்துகளில் அடித்தீர்களா.

இனி விசைப்பலகை. விண்டோஸில் ஹாஸ் ஏஜென்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. முதலில் எழுதியவருடைய பழைய பதிப்பை விட்டுவிட்டு, சமூகம் தொடர்ந்து நடத்தும் பதிப்பை எடுங்கள். ஹோம் அசிஸ்டன்ட்டில் உங்கள் புரொஃபைலைத் திறந்து, செக்யூரிட்டி பகுதியின் அடியில் லாங் லிவ்டு டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் நீண்ட குறியீடு) ஒன்று உருவாக்குங்கள். அது ஒரே ஒரு முறைதான் காட்டப்படும், உடனே காப்பி எடுங்கள். டோக்கனையும் முகவரியையும் ஹாஸ் ஏஜென்ட்டில் ஒட்டி, குவிக் ஆக்‌ஷன்ஸில் விளக்கைத் தேர்ந்து, டாகிள் (ஆனில் இருந்தால் ஆஃப், ஆஃபில் இருந்தால் ஆன்) என்று வைத்து, ஒரு ஹாட்கீ (விசைச் சேர்க்கை) கொடுங்கள். எக்செல்லில் இருந்தாலும் மீட்டிங்கில் இருந்தாலும் அந்த விசைக்கு விளக்கு மாறும். கன்ட்ரோல், ஆல்ட், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எல்லா பட்டன்களும் ஒரு ஜன்னலில் வரும்.

கேமரா ஆன் ஆனதையும் அதே மென்பொருள் சென்சாராக அனுப்பும். வீடியோ கால் தொடங்கினால் முகத்துக்கு விளக்கு எரிய வைக்கலாம். 5 விநாடி தொடர்ந்து ஆனில் இருந்தால் மட்டும் என்று நிபந்தனை போடாவிட்டால், ஆப் கேமராவைச் சோதிக்கும்போதெல்லாம் விளக்கு கண் சிமிட்டும்.

வெளியூரிலிருந்து இயக்க ரவுட்டரில் 8123 போர்ட்டைத் திறக்காதீர்கள். உங்கள் சாதனங்களைப் பாதுகாப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டால் போதும், காசும் ஆகாது.

கீசர் விஷயம் தனி. 2000 வாட் கீசர் 230 வோல்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் என்றால் 13. 10 ஆம்பியர் பிளக்கில் 2000 வாட்டை மாட்டினாலும் தொடர்ந்து ஓடும்போது பின்கள் சுடும். 16 ஆம்பியர் பிளக்கே வாங்குங்கள். கரண்ட் திரும்பியதும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற செட்டிங் பிளக்கின் ஆப்பில் இருக்கும். மேஜை விளக்குக்குப் பழைய நிலை என்று வைக்கலாம், கீசருக்கு ஆஃப் தவிர வேறெதுவும் கூடாது. அயர்ன் பாக்ஸையும் வாளியில் போடும் ஹீட்டரையும் ஹாட்கீ பக்கமே கொண்டுவராதீர்கள்.