குக்கர் கேஸ்கட்டும் ஒரு பாஸ்வேர்டும்

அம்மாவின் குக்கருக்கு கேஸ்கட் வாங்க ஒரு ஆன்லைன் கடைக்குப் போனேன். விலை நூற்றுச்சொச்சம். பணம் கட்டப் போனால், முதலில் கணக்கு தொடங்கு என்றது. பெயர், மின்னஞ்சல், ஓடிபி, பெரிய எழுத்தும் எண்ணும் கலந்த பாஸ்வேர்டு, அப்புறம் பிறந்த தேதி. கேஸ்கட்டுக்கு ஜாதகம் பார்க்கிறார்களா என்ன? மூடிவிட்டு, தெருமுனை பாத்திரக்கடையில் வாங்கி வந்தேன். அண்ணாச்சி அளவை மட்டும்தான் கேட்டார்.

அமெரிக்காவில் ஒரு பெரிய ஆன்லைன் கடையில் நடந்ததை, இணையதளங்கள் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என்று ஆராயும் ஜாரெட் ஸ்பூல் 2009இல் எழுதியிருந்தார். 'பதிவு செய்' என்ற பொத்தானை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று வைத்தார்கள். வாங்க கணக்கு அவசியமில்லை என்று பக்கத்தில் ஒரு வரி. வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள், முதல் வருடத்தில் கூடுதல் வருமானம் 30 கோடி டாலர். பழைய வாடிக்கையாளர்களுக்கே தாங்கள் எந்த மின்னஞ்சலில் பதிந்தோம் என்பது மறந்துபோயிருந்ததாம். கணக்கு கேட்டதும் வாங்காமல் திரும்பிய என் கதையும் அந்த வகைதான்.

வாரண்டி, ரிட்டர்ன் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். சரி, அதற்கு ஆர்டர் எண்ணும் கைபேசி எண்ணும் போதாதா? 2022 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டு எண்ணையும் கடைகள் சேமித்து வைக்க முடியாது. வாராவாரம் மளிகை வாங்கும் இடத்தில் கணக்கு இருந்தால் எனக்கும் வசதிதான், மறுக்கவில்லை. பொருள் வந்த பிறகு கேளுங்கள், யோசிக்கிறேன்.

பிறந்த தேதி மட்டும் கிடையாது.